ஆப்பிரிக்கக் கிராமத்திலிருந்து எழுத்துருப் பட்டறைக்கு

சிறிய மொழிகளுக்கு எழுத்துரு வரைபவர்கள், கீபோர்டு எழுதுபவர்கள், அகராதி மென்பொருள் செய்பவர்கள் தங்களைப் பற்றி நாலு வரி அறிமுகம் எழுதுவார்கள். அவற்றை வரிசையாகப் படித்தால் ஒரே பாதை திரும்பத் திரும்பக் கண்ணில் படும். மிஷனரி பெற்றோர். கானாவின் வடக்கிலோ கேமரூன் மலைப்பகுதியிலோ கழிந்த பிள்ளைப் பருவம். தொலைதூர விடுதிப் பள்ளி. அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ மொழியியல் படிப்பு அல்லது கணினிப் படிப்பு. அப்புறம் விவிலிய மொழிபெயர்ப்பைச் சுற்றி இயங்கும் ஒரு நிறுவனத்தில் மென்பொருள் வேலை. இப்படி எழுதுபவர்களில் பெண்களும் உண்டு.

மேலோட்டமாகப் பார்த்தால் வினோதமாகத் தோன்றும். செம்மண் தெருவில் கோழி துரத்திய பெண் எப்படி எல்லா மொழி எழுத்துகளுக்கும் கணினியில் பொது எண் தரும் யூனிகோடு குழுவுக்கு முன்மொழிவு எழுதப் போனாள்? விசுவாசத்துக்கும் எழுத்துருவுக்கும் என்ன சம்பந்தம்? ஆனால் இந்தப் பாதை ஒன்றும் தற்செயல் இல்லை. தனி ஒருத்தியின் கதையாக இல்லாமல், அந்தப் பாதை எப்படி உண்டானது என்று பார்த்தால் நம் கணினியில் இருக்கும் சில விஷயங்களுக்கும் விளக்கம் கிடைக்கும்.

தொடக்கம் கணினிக்கு நூறு வருடத்துக்கும் மேல் முந்தையது. ஹன்னா கில்ஹாம் என்ற ஆங்கிலேயப் பெண், குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர், இளம் வயதிலேயே விதவையானவர். லண்டனில் இரண்டு ஆப்பிரிக்க மாலுமிகளிடம் உட்கார்ந்து வொலோஃப் என்ற மேற்கு ஆப்பிரிக்க மொழியைக் கற்று, 1820இல் அந்த மொழியில் பாடப்புத்தகம் அச்சிட்டார். பிறகு காம்பியாவுக்குப் போனார், சியரா லியோனுக்குப் போனார். அப்போது பிரிட்டிஷ் கடற்படை பிடித்த அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டவர்களைச் சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறக்கிவிடுவார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் அத்தனை மூலைகளிலிருந்தும் வந்த மனிதர்கள் ஒரே ஊரில். கில்ஹாம் அவர்களிடம் கேட்டுக் கேட்டுச் சுமார் 30 மொழிகளின் சொற்களை எழுதி 1828இல் வெளியிட்டார். பிள்ளைகளுக்கு அவரவர் மொழியில் முதலில் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவர் பிடிவாதம். 1832இல் கப்பலிலேயே இறந்தார்.

அதே ஃப்ரீடவுனில் வந்து இறங்கிய சிறுவன்தான் சாமுவேல் அஜயி கிரவுதர். 1821இல் அடிமையாகப் பிடிக்கப்பட்டு, அடுத்த வருடம் கடற்படையால் மீட்கப்பட்டவர். நைஜீரியாவின் யொரூபா மொழியில் வந்த விவிலியத்தில் பெரும்பங்கு அவருடையது. 1864இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் ஆப்பிரிக்க ஆயரும் ஆனார். அதாவது, மதம் காரணமாக மொழிக்கு எழுத்து செய்யும் வேலையில் வெள்ளைக்கார மிஷனரி மட்டும் இருந்தார் என்பது பாதி உண்மைதான்.

நமக்கு இது புதிதும் இல்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1713 வாக்கில் அச்சுக்கூடம் போட்டபோது, ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றன. சின்ன எழுத்துகளை இங்கேயே வார்க்க ஈயம் தேவைப்பட்டது. அனுப்பி வைத்த பாலாடைக்கட்டியைச் சுற்றியிருந்த ஈயத்தகட்டை உருக்கினார்கள் என்று சொல்வார்கள். எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் இன்று நாம் எழுதும் விதத்தில் பிரித்துக் காட்டிய பெருமை வீரமாமுனிவருக்குப் போகிறது. ஜெபம் ஒரு கையில், உளி ஒரு கையில் என்று வந்தவர்கள் விட்டுப்போன எழுத்தில்தான் இந்தக் கட்டுரையும் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டில் இந்த வேலை ஒரு நிறுவனமாகவே ஆனது. கேமரன் டவுன்செண்ட் என்பவர் 1934இல் அமெரிக்காவின் ஆர்கன்சாவில் ஒரு கோடைக்காலப் பயிற்சி முகாம் தொடங்கினார். எழுத்தில்லாத மொழியை எப்படிக் கேட்பது, எப்படி எழுதுவது என்று கற்றுக்கொடுக்கும் முகாம். அதுதான் எஸ்.ஐ.எல். என்ற மொழியியல் அமைப்பாக வளர்ந்தது. அதன் இரட்டையான விக்லிஃப் என்ற விவிலிய மொழிபெயர்ப்பு அமைப்பு 1942இல் உருவானது. 1936இலேயே யூனிஸ் பைக், ஃப்ளாரன்ஸ் ஹேன்சன் என்ற இரண்டு இளம்பெண்களை மெக்சிகோவின் மலைக்கிராமத்துக்குத் தனியாக அனுப்பினார்கள். பெண்களைத் தனியே அனுப்பலாமா என்ற தயக்கம் இருந்தது. போன இருவரும் தாக்குப்பிடித்தார்கள். சபைகளில் பெண்கள் பிரசங்க மேடை ஏறுவதை ஏற்காத அந்தக் காலத்தில், மொழியின் ஒலிகளைப் பிரித்தறியும் ஒலியனியல் ஆய்வும் அகராதி வேலையும் அவர்களுக்குத் திறந்த கதவாயின. படித்த, பக்தியுள்ள, வேலை செய்யத் துடிக்கும் பெண்கள் இந்தத் துறைக்கு வந்துசேர்ந்ததில் வியப்பில்லை.

1960களில் இந்த அமைப்பு ஆப்பிரிக்காவில் கால் ஊன்றியது. கண்டத்தில் 2000க்கும் மேற்பட்ட மொழிகள். நைஜீரியாவில் மட்டும் 500க்கு மேல். குடும்பம் குடும்பமாகப் போய் ஒரு மொழிக்குப் பதினைந்து, இருபது வருடம் என்று தங்கினார்கள். அங்கேதான் நம் கதையின் பெண் வளர்கிறாள்.

அவளுக்கு முதலில் கிடைப்பது காது. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். தமிழில் 'சரி' என்பதை எத்தனை ராகத்தில் சொன்னாலும் அது சரிதான். கோபச் சரி, சலிப்புச் சரி, 'சரி சரி போ' என்று விரட்டும் சரி; தொனி மாறும், சொல் மாறாது. ஆப்பிரிக்க மொழிகளில் பெரும்பாலானவை அப்படி இல்லை. யொரூபாவில் ஏறக்குறைய 'ஒக்கொ' என்று ஒலிக்கும் ஒரே ஈரசைச் சொல், அசைகளின் சுருதியைப் பொறுத்துக் கணவன், மண்வெட்டி, வண்டி, ஈட்டி என்று நாலாக மாறும். சுருதி அங்கே அலங்காரம் இல்லை, எழுத்து மாதிரி. முப்பது வயதில் வந்து கற்கும் மொழியியலாளர் இதைப் பிடிக்கப் படாதபாடு படுவார். வார்த்தையைச் சொல்ல வேண்டாம், விசிலடித்துக் காட்டுங்கள் என்று ஊர்க்காரரிடம் கேட்பது இன்றும் களத்தில் இருக்கும் உத்தி. உயிரும் மெய்யும் கழன்றுபோய்ச் சுருதி மட்டும் மிஞ்சும் அல்லவா? அதே வீட்டு வாசலில் அவர் மகள் அந்த ஊர்ப் பிள்ளைகளோடு கத்தி விளையாடிக்கொண்டிருப்பாள். அப்பா நோட்டுப்புத்தகத்தில் கோடு கோடாகப் போட்டுப் புரிந்துகொள்வது அவளுக்குத் தன்னால் வரும். மேசைமேல் நடப்பது வேலை என்பதும், அந்த வேலை முடிய வருடக்கணக்கில் ஆகும் என்பதும்கூட அவளுக்குச் சின்ன வயதிலேயே தெரியும்.

இரண்டாவது கிடைப்பது, எங்கேயும் முழுசாக ஒட்டாத தன்மை. கென்யாவில் கிஜாபே என்ற மலைச்சரிவில் 1906இல் தொடங்கிய ரிஃப்ட் வேலி அகாடமி இப்பிள்ளைகளுக்கான பள்ளிகளில் பழையது; 1909இல் அதன் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியவர் தியோடர் ரூஸ்வெல்ட். நைஜீரியாவின் ஜோஸ் நகரிலும் ஐவரி கோஸ்டின் புவாக்கேயிலும் இதே மாதிரிப் பள்ளிகள் இருந்தன. ஆறேழு வயதில் பெட்டி கட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போகும் பிள்ளைகள். எல்லாருக்கும் அது இனிய நினைவு அல்ல. கினியாவில் மாமூ என்ற இடத்தில் இருந்த மிஷனரி விடுதிப் பள்ளியில் பிள்ளைகள் பல பத்தாண்டுகள் அனுபவித்த கொடுமைகள் 1990களின் பிற்பகுதியில் விசாரணை அறிக்கையாகவே வெளிவந்தன. புவாக்கேயில் 2002 செப்டம்பரில் உள்நாட்டுப் போர் வெடித்தபோது, பள்ளிக்குள் சிக்கிய மாணவர்களைப் பிரெஞ்சுப் படையினர் வந்து மீட்டார்கள்.

பெற்றோரின் நாடும் முழுசாகத் தனதில்லை, வளர்ந்த நாடும் தனதில்லை என்று இருக்கும் இப்பிள்ளைகளை 'மூன்றாம் பண்பாட்டுக் குழந்தைகள்' என்று சமூகவியலில் சொல்வார்கள். அந்தச் சொல்லை உண்டாக்கிய ரூத் ஹில் யூசீம் 1950களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கர்களை ஆராய்ந்தபோதுதான் இந்த எண்ணத்துக்கு வந்தார். இப்படி வளர்ந்த ஒரு பெண் கல்லூரி முடித்ததும், தான் எங்கே பயன்படுவேன் என்று யோசித்தால், இரண்டு பக்கமும் தெரிந்தவள் நடுவில் நின்று செய்யும் வேலை கண்ணில் படுவது இயல்பு.

சரி, அந்த வேலை ஏன் தொழில்நுட்பமாக ஆனது?

எழுத்தில்லாத மொழிக்கு லத்தீன் எழுத்து போதாது. 1920களின் இறுதியில் லண்டனில் இயங்கிய ஆப்பிரிக்க மொழிகளுக்கான நிறுவனம், டீட்ரிஷ் வெஸ்டர்மான் என்ற ஜெர்மானிய மொழியியலாளரின் முயற்சியில், ஒலியியல் குறிகளிலிருந்து சில எழுத்துகளை எடுத்து ஓர் ஆப்பிரிக்க நெடுங்கணக்கை முன்வைத்தது. கண்ணாடியில் பார்த்த 3 போல ஓர் எகரம். திருப்பிப் போட்ட ஆங்கில 'சி' போல ஓர் ஒகரம். வால் முளைத்த ஆங்கில 'என்', அது நம் ங். கையால் எழுதும்வரை பிரச்சினை இல்லை. தட்டச்சுப்பொறி வந்ததும் பிரச்சினை வந்தது. அச்சுமுனையை ராவி மாற்ற வேண்டியிருந்தது. கணினி வந்ததும் பெரிதாக வந்தது.

பழைய எழுத்துருக்களில் மொத்தம் 256 இடம்தான். அதில் இடம் பிடித்தவை ஐரோப்பிய எழுத்துகள். ஆகவே ஒவ்வொரு மொழிக் குழுவும் தேவையில்லாத ஏதோ ஒரு குறியைத் தூக்கிவிட்டுத் தன் எழுத்தை அங்கே உட்கார வைத்தது. எழுதியவர் கணினியில் அழகாகத் தெரியும். அடுத்த ஊர்க் கணினியில் திறந்தால் டாலரும் சதவீதக் குறியுமாக நிற்கும். இதைத் தமிழ் வாசகருக்கு விளக்கவே வேண்டாம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த ஒரு விண்ணப்பத்தை வேறொரு பிரவுசிங் சென்டரில் அச்செடுக்கப் போய், ஒரு பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையைக் கையில் வாங்கிக்கொண்டு வந்தவன் நான். அதற்கும் ஒரு பக்கத்துக்கான காசு கொடுத்தேன். நமக்கு அது ஒரு நாள் எரிச்சல். இருபது வருடம் உழைத்துச் சேர்த்த அகராதியும் மொழிபெயர்ப்பும் அந்தக் கதியானால்?

யூனிகோடு வந்தும் உடனே தீரவில்லை. எழுத்துகளுக்கு இடம் கிடைத்தது. ஆனால் சுருதிக் குறிகள் தொல்லை கொடுத்தன. பிரெஞ்சு, வியட்நாமிய எழுத்துகள் தலைக்குறியோடு சேர்த்தே முழு எழுத்தாக யூனிகோடில் உண்டு. பின்னால் வந்த ஆப்பிரிக்க மொழிகளுக்கு அப்படித் தயார் எழுத்து தரமாட்டோம், அடியெழுத்தையும் குறியையும் தனித்தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பது விதி. 'கொ' என்று நாம் அடிக்கும்போது ககரத்தோடு உயிர்க்குறி தனியாக வந்து ஒட்டிக்கொள்கிறதே, கிட்டத்தட்ட அதே ஏற்பாடு. சிக்கல் எங்கே என்றால், ஓர் எழுத்தின் தலையில் மூக்கொலிக் குறி ஒரு தொப்பி, அதன் மேல் சுருதிக் குறி இன்னொரு தொப்பி, கீழே ஒரு புள்ளி. ஐரோப்பிய எழுத்துரு வடிவமைப்பாளர் ஒரு தொப்பிக்கு மேல் யோசித்ததே இல்லை. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி மசியாகிவிடும், அல்லது பக்கத்து எழுத்தின் தலையில் போய் உட்காரும். சுருதி தவறினால் கணவன் மண்வெட்டியாகிவிடும் மொழியில் அது சின்ன அச்சுப்பிழை இல்லை.

இந்தத் தொப்பிகளை ஒழுங்காக அடுக்குவது போன்ற வேலைகளுக்குத்தான் எஸ்.ஐ.எல். கிராஃபைட் என்ற எழுத்தமைப்பு மென்பொருளை உருவாக்கியது. பின்னர் அது ஃபயர்ஃபாக்ஸிலும் லிப்ரெஆபிஸிலும் இடம்பிடித்தது. கூடவே டூலோஸ், காரிஸ், ஜென்டியம் என்று எழுத்துருக்கள். எனக்குப் பிடித்தது ஆண்டிகா. வடிவமைத்தவர்களில் ஆனி ஓல்சன் என்ற பெண்ணும் ஒருவர். ஸ்வாஹிலியில் அந்தச் சொல்லுக்கு 'எழுது' என்று பொருள். புதிதாகப் படிக்கக் கற்பவருக்கானது அது. சிறிய 'எல்', பெரிய 'ஐ', எண் 1 மூன்றும் பல எழுத்துருக்களில் வெறும் குச்சியாகவே நிற்கும். ஆண்டிகாவில் மூன்றும் ஒன்றையொன்று ஒத்திருக்காது. நாற்பது வயதில் முதல்முறை அரிச்சுவடி தொடும் ஒரு தாய் எங்கே தடுக்கி விழுவாள் என்று யோசித்தவர்கள் செய்த எழுத்துரு அது.

இதில் நமக்கும் நேரடிப் பங்கு உண்டு. கீமேன் என்ற விசைப்பலகை மென்பொருளை மார்க் டர்டின் என்ற ஆஸ்திரேலியர் 1993இல் லாவோ மொழிக்காக எழுதினார். அரைப்புள்ளியைத் தட்டி அடுத்து ஓர் எழுத்தைத் தட்டினால் வால் வைத்த எழுத்து வரட்டும் என்பது போன்ற விதிகளை யாரும் அதில் எழுதிக்கொள்ளலாம். ஆப்பிரிக்காவில் அது பரவியது. தமிழ் இணையத்தின் ஆரம்ப நாட்களில் எத்தனையோ பேர் தட்டச்சு பழகிய இ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகளும் கீமேனின் மேல் கட்டப்பட்டவைதான். 2015இல் எஸ்.ஐ.எல். கீமேனை வாங்கி, பின்னர் இலவசமாகத் திறந்துவிட்டது. 2005இல் அதே அமைப்பு எழுத்துருக்களுக்கென்று எழுதிய திறந்த உரிமம் இன்று கூகுள் எழுத்துருத் தொகுப்பில் பெரும்பாலானவற்றுக்கு அடிப்படை. முக்த மலர், ஹிந்த் மதுரை போன்ற தமிழ் எழுத்துருக்களை நீங்கள் காசு கொடுக்காமல் பயன்படுத்துவது அந்த உரிமத்தின் கீழ்தான். மலையாள விளம்பரமோ தமிழ்த் திருமணப் பத்திரிகையோ வடிவமைக்கும் ஒருவர், விவிலிய மொழிபெயர்ப்பாளர்கள் எழுதிய உரிமத்தைத் தினமும் கையாள்கிறார், பெரும்பாலும் தெரியாமல்.

இதையெல்லாம் ஏன் பெரிய மென்பொருள் நிறுவனங்கள் முதலில் செய்யவில்லை? கணக்கு வேறு. சந்தை தலைகளை எண்ணும். ஐயாயிரம் பேர் பேசும் மொழிக்குக் கீபோர்டு செய்தால் விற்பனை என்ன வரும் என்று கேட்கும், பதில் பூஜ்யம். விவிலிய மொழிபெயர்ப்பு இயக்கம் மொழிகளை எண்ணுகிறது. அதன் நம்பிக்கைப்படி எந்த மொழியும் விடுபடக் கூடாது. கோடிப் பேர் பேசினாலும் சில ஆயிரம் பேர் பேசினாலும் பட்டியலில் ஒரு வரிதான். 1951இல் 46 மொழிகளோடு சில பக்கங்களாகத் தொடங்கிய, எஸ்.ஐ.எல்.லின் எத்னோலாக் என்ற உலக மொழிப் பட்டியல் இன்று 7000ஐத் தாண்டி நிற்பதற்கும் இதுவே காரணம். உலக மொழிகளுக்கான மூன்றெழுத்துக் குறியீட்டுத் தரத்தை நிர்வகிக்கும் பொறுப்பும் அவர்களிடமே வந்தது. தமிழுக்கு ஒரு குறியீடு என்றால் தோடர் மொழிக்கும் ஒன்று, இருளர் மொழிக்கும் ஒன்று.

பணமும் இதே வழியில்தான் வருகிறது. இந்த அமைப்புகளில் வேலை செய்பவர்களில் பலருக்கு நிறுவனம் சம்பளம் தருவதில்லை. சொந்த ஊர்ச் சபைகளிலும் நண்பர்களிடமும் மாத ஆதரவு திரட்டிக்கொண்டு வருகிறார்கள். லாபம் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு நிரலாளர், யாரும் கேட்காத ஒரு மொழியின் தொப்பிக் குறிக்காக ஆறு மாதம் செலவிடலாம். விசுவாசம் இங்கே உணர்ச்சி மட்டும் இல்லை, ஒரு நிதி ஏற்பாடும்கூட. இதைக் கவனிக்காமல் 'அர்ப்பணிப்பு' என்று மட்டும் சொல்லிப் போவது பாதி விளக்கம்.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். மொழியியல் என்ற பெயரில் மதமாற்றம், உள்ளூர் நம்பிக்கைகளை அழிப்பது என்ற குற்றச்சாட்டுகள் பலமாக எழுந்து, மெக்சிகோ அரசு 1979இல் எஸ்.ஐ.எல்.லோடு இருந்த ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டது. எத்னோலாக்கை முழுசாகப் பார்க்க 2010களில் கட்டணம் வைத்தார்கள். ஊர் ஊராகப் பேசியவர்கள் கொடுத்த தகவலுக்கு அவர்களே காசு கட்ட வேண்டுமா என்று மொழியியலாளர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் எனக்கு அதைவிட உறுத்துவது வேறொன்று. வாசலில் விளையாடியது ஒரு பெண் இல்லை, இரண்டு பெண்கள். மிஷனரியின் மகளும் பக்கத்து வீட்டுக்காரியின் மகளும். இரண்டு பேருக்கும் அதே காது. சொல்லப்போனால் இரண்டாமவளுக்கு அது தாய்மொழி. ஒருத்திக்கு வெளிநாட்டுக் கடவுச்சீட்டும் கிஜாபே போன்ற பள்ளியும் இருந்தன; அவள் எழுத்துரு செய்யப் போனாள். மற்றவளின் மொழிக்கு எழுத்துரு கிடைத்தது. அவள் கற்ற எழுத்தும், கூட்டத்தில் எழுந்து வாசிக்கக் கிடைத்த துணிச்சலும் பொய்யில்லை. இருந்தாலும் முதலாமவளின் அறிமுகக் குறிப்பில் 'நான் அங்கே வளர்ந்தேன்' என்ற வரி ஒரு தகுதியாக நிற்கிறது. இரண்டாமவளுக்கு அதே வரி எந்த நேர்முகத் தேர்விலும் மதிப்பெண் வாங்கித் தரவில்லை.

கணக்கு இப்போது மாறி வருகிறது. மொழிபெயர்ப்பு வேலை பெரும்பாலும் அந்தந்த மொழிக்காரர்கள் கைக்கு வந்துவிட்டது. கானாவில் 1962இல் தொடங்கிய மொழியியல் அமைப்பைக் கானாக்காரர்களே நடத்துகிறார்கள். மதத்தோடு தொடர்பில்லாமல், ஆப்பிரிக்க ஆய்வாளர்களே தங்கள் மொழிகளுக்கான கணினி ஆய்வைக் கூட்டாகச் செய்யும் மசகானே என்ற இயக்கம் 2019இல் பிறந்தது. ஆனால் அவர்களுக்கும் தொடக்கத்தில் கிடைத்த தரவு என்ன? யெகோவாவின் சாட்சிகள் வெளியிட்ட நூல்களிலிருந்து திரட்டிய, 300க்கு மேற்பட்ட மொழிகளின் உரைத் தொகுப்பு. பல ஆப்பிரிக்க மொழிகளில் இயந்திர மொழிபெயர்ப்பு அதை வைத்துத்தான் நடை பழகியது. பின்னர் காப்புரிமைச் சிக்கலில் அந்தத் தொகுப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது.

ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 2023இல் 1100க்கும் மேற்பட்ட மொழிகளில் பேச்சை எழுத்தாக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரியை வெளியிட்டது. இத்தனை மொழிகளில் பேச்சும் எழுத்தும் பொருந்திய தரவை எங்கே பிடிப்பது? விவிலியத்தின் புதிய ஏற்பாடு. ஊர் ஊராகப் போய், வாசிக்கத் தெரிந்தவர்களை உட்கார வைத்து, சூரிய ஒளியில் ஓடும் ஒலிப்பெட்டிகளில் கேட்பதற்காகப் பதிவு செய்த வாசிப்புகள். ஒவ்வொரு மொழியிலும் அதே உரை என்பதால் ஆய்வாளர்களுக்கு வசதி. அந்தப் பதிவுகளில் வாசித்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்று மெட்டாவே குறிப்பிட்டது. பெண் குரலையும் ஏறக்குறைய அதே அளவு சரியாக மாதிரி புரிந்துகொள்கிறது என்றும் சேர்த்துச் சொன்னது.